லண்டன் சுரங்க ரயிலின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் குடியிருப்பவர்கள், சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விடுமுறைக்கு வருபவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இன்று இந்த ரயிலில் நமக்குப் புரியாமல் இருக்கும் பல விஷயங்களுக்கு 1910-க்கு முன்பே எடுத்த முடிவுகள்தான் காரணம். அதனால் பழைய கதைக்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

உலகத்திலேயே முதல் சுரங்க ரயில் லண்டன்தானா? எந்த வருஷம் ஆரம்பிச்சாங்க?

ஆமாம். 1863 ஜனவரி 10 அன்று மெட்ரோபாலிட்டன் ரயில்வே என்ற தனியார் கம்பெனி பொதுமக்களுக்காக முதல் ரயிலை விட்டது. பேடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் தெரு வரை சுமார் 6 கி.மீ. தூரம், 7 நிலையங்கள். முதல் நாளே ஏறத்தாழ 38,000 பேர் ஏறினார்கள். முதல் ஆண்டில் 95 லட்சம் பயணங்கள். பிறகு வந்த புடாபெஸ்ட் மின்சாரச் சுரங்க ரயில் 1896-இலும் பாரிஸ் 1900-இலும்தான் திறந்தன. இந்தியாவின் முதல் சுரங்க ரயிலான கொல்கத்தா மெட்ரோ 1984-இல் வந்தது.

தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் ரோதர்ஹித்துக்கும் வாப்பிங்குக்கும் இடையே உள்ள சுரங்கம் 1843-இலேயே திறந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அது அப்போது நடந்து போகிறவர்களுக்கான சுரங்கம். ரயில் அதற்குள் நுழைந்தது 1869-இல்தான்.

ஊருக்குள்ள ரோடு இருக்கும்போது எதுக்கு நிலத்துக்கு அடியில போகணும்னு தோணுச்சு?

நகரத்தின் மையத்துக்குள் ரயில் முனையங்கள் வரக்கூடாது என்று 1846-இல் ஓர் அரசு ஆணையம் பரிந்துரைத்தது. அதனால் பேடிங்டன், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் எல்லாம் ஊரின் வடக்கு, மேற்கு ஓரத்தில் நின்றன. வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் வேலை செய்யும் இடமான 'சிட்டி' பகுதிக்குப் போகக் குதிரை வண்டி ஏற வேண்டும். அந்த வண்டிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன.

சிட்டி நிர்வாகத்தின் வழக்கறிஞராக இருந்த சார்லஸ் பியர்சன் இந்த முனையங்களை நிலத்துக்கு அடியில் இணைக்கலாம் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடினார். நெருக்கடியான சேரிகளில் வாழும் தொழிலாளர்கள் புறநகரில் காற்றோட்டமான வீட்டில் குடியிருந்து, குறைந்த கட்டணத்தில் வேலைக்கு வந்துபோக வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1862 செப்டம்பரில் அவர் இறந்தார். நான்கு மாதம் கழித்து ரயில் ஓடியது. இந்த வரலாற்றில் முதலில் நினைக்க வேண்டிய பெயர் அவருடையதுதான் என்பது எங்கள் கருத்து.

அப்போ கரண்ட் கிடையாதே. சுரங்கத்துக்குள்ள புகைவண்டியா ஓட்டினாங்க? மூச்சு முட்டாதா?

நீராவி இன்ஜின்தான் ஓடியது. மரப்பெட்டிகள், உள்ளே எரிவாயு விளக்கு. புகையைக் குறைக்க இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒன்று, நிலக்கரிக்குப் பதிலாகப் புகை குறைவாக வரும் கோக் கரியை எரித்தது. மற்றது, வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்கு அனுப்பாமல் குழாய் வழியாக இன்ஜினின் பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பியது. அங்கே நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும்.

நடைமுறையில் இது பாதிதான் பலித்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டித் தண்ணீரே கொதிநிலைக்கு வந்துவிடும், பிறகு நீராவி குளிராது. நீராவியைத் தொட்டிக்குத் திருப்பினால் புகைபோக்கியில் இழுவை குறைந்து நெருப்பும் மந்தமாகும். கந்தக நெடி போக வழியில்லை. அதனால்தான் முதல் பாதையில் ஆங்காங்கே திறந்தவெளி விட்டார்கள், பிறகு தெருவில் காற்றுத் துளைகளும் போட்டார்கள். தலைமைப் பொறியாளர் ஜான் ஃபௌலர் சூடாக்கிய செங்கற்களின் வெப்பத்தில் ஓடும் புகையில்லா இன்ஜின் ஒன்றை 1861-இல் சோதித்துப் பார்த்தார். அது தேறவில்லை. 1866-இல் மான்செஸ்டரில் செய்த 23-ஆம் எண் இன்ஜின் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாய்லரின் பக்கவாட்டில் தொட்டிக்குப் போகும் தடித்த குழாயை அதில் நேராகப் பார்க்கலாம்.

சில லைன்ல ரயில் பெரிசா இருக்கு, சில லைன்ல கதவு பக்கத்துல நின்னா தலையைக் குனிய வேண்டியிருக்கு. ஏன் ரெண்டு விதம்?

சுரங்கமே இரண்டு விதம். மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், ஹேமர்ஸ்மித் அண்ட் சிட்டி ஆகியவை தெருவை ஒட்டி ஆழமில்லாமல் போகும் பாதைகள். தெருவை வெட்டிக் கட்டியதால் சாதாரண ரயில் போகும் அளவுக்கு அகலம் விட்டார்கள். மற்றவை ஆழத்தில் களிமண்ணைக் குடைந்து போட்ட வட்டக் குழாய்கள். இவைதான் சரியான பொருளில் 'டியூப்'. பெரும்பாலான குழாய்களின் உள்விட்டம் சுமார் 3.56 மீட்டர். பெட்டி அந்த வட்டத்துக்குள் பொருந்த வேண்டும் என்பதால் கூரை வளைந்து, கதவும் மேலே உள்ளே சாய்ந்து வருகிறது.

விட்டம் கூடினால் தோண்டி அள்ளும் மண்ணும் இரும்பும் கூடும், செலவு எகிறும். அன்று பங்குதாரர் பணத்தில் கட்டிய கம்பெனிகள் மிச்சம் பிடித்த அந்தச் சில அடிகளை இன்றுவரை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தெருவைத் தோண்டி மூடினாங்கன்னு சொல்றீங்க. அங்க இருந்த வீடெல்லாம் என்ன ஆச்சு?

வேலை நடக்கும் முறை இப்படி. முதலில் கழிவுநீர், எரிவாயு, தண்ணீர்க் குழாய்களை ஓரமாக மாற்றுவார்கள். பிறகு அகலப் பள்ளம் வெட்டி, இரு பக்கமும் மரச் சட்டம் கொடுத்து மண் சரியாமல் பிடிப்பார்கள். இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே செங்கல் வளைவு கட்டுவார்கள். மெட்ரோபாலிட்டனில் அந்த வளைவின் அகலம் சுமார் 8.7 மீட்டர். அதன்மேல் மண்ணைக் கொட்டித் தெருவைத் திரும்பப் போடுவார்கள். பேடிங்டனிலிருந்து கிங்ஸ் கிராஸ் வரை பாதை பெரும்பாலும் மேரிலபோன் ரோடு, யூஸ்டன் ரோடு ஆகியவற்றின் அடியிலேயே போனதால் அங்கே வீடுகள் தப்பின. ஃபாரிங்டன் பக்கம் ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு மாற்றிடம் தரவில்லை. தொழிலாளர் நலனுக்காக எழுந்த திட்டம் முதலில் தொழிலாளர் வீடுகளைத்தான் தின்றது. 1862 ஜூனில் ஃப்ளீட் சாக்கடை உடைந்து, கட்டி முடித்த சுரங்கத்துக்குள் கழிவுநீர் 3 மீட்டர் உயரம் வரை ஏறிய சம்பவமும் அந்தப் பகுதியில்தான்.

வசதியானவர்கள் தெருவில் நடந்தது வேறு. பேஸ்வாட்டர் பக்கம் பாதையை நீட்டியபோது லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24-ஆம் எண் வீடுகள் இடிபட்டன. இன்ஜின் புகைவிட அங்கே திறந்தவெளி தேவைப்பட்டது. ஆனால் வரிசையாக இருக்கும் அழகான வீடுகளுக்கு நடுவே ஓட்டை தெரியக்கூடாது என்று சுமார் 1.5 மீட்டர் தடிமனில் வீட்டு முகப்பை மட்டும் கட்டி நிறுத்தினார்கள். இன்றும் நிற்கிறது. சன்னல்களில் கண்ணாடி இல்லை, சாம்பல் வண்ணம் பூசியிருக்கிறது. கதவில் கடிதம் போடும் துளை இல்லை.

ஆழத்துல இருக்கற குழாயை எப்படித் தோண்டினாங்க? மேல இருக்கற கட்டடம் இறங்காதா?

லண்டனின் அடியில் கிடக்கும் நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது, அதே நேரம் கத்தியால் செதுக்க வரும். ஆழக் குழாய்கள் சாத்தியமானதே இந்த மண்ணால்தான்.

கருவியின் பெயர் ஷீல்டு. மார்க் ப்ரூனெல் மேலே சொன்ன தேம்ஸ் சுரங்கத்துக்காக முதலில் செய்தது செவ்வகச் சட்டம். அதில் 36 அறைகள், அறைக்கு ஒரு ஆள். 1825-இல் தொடங்கிய அந்த 400 மீட்டர்கூட இல்லாத வேலை, ஆறு உள்ளே புகுந்து உயிர்களைக் குடித்து, 18 ஆண்டுகள் இழுத்தது. ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் அதை வட்டமான எஃகு உருளையாக்கி வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். உருளையின் முன்பக்கம் தொழிலாளர்கள் மண்வெட்டியாலும் பிக்காசாலும் வெட்டுவார்கள். சுமார் அரை மீட்டர் வெட்டியதும் நீரழுத்த ஜாக்கிகள், பின்னால் ஏற்கெனவே பூட்டிய வளையத்தில் கால் ஊன்றி, உருளையை முன்னே தள்ளும். அந்த இடைவெளியில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட் போட்டு அடுத்த வளையமாக்குவார்கள்.

கட்டடம் இறங்காமல் காப்பது இதற்கு அடுத்த படி. உருளை வளையத்தைவிடக் கொஞ்சம் பெரியது என்பதால், அது நகர்ந்ததும் இரும்புக்கும் மண்ணுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் வெற்றிடம் மிஞ்சும். அதை அப்படியே விட்டால் மேலே உள்ள மண் மெல்ல அமர்ந்து தெருவரை பள்ளம் விழும். அதனால் இரும்பிலுள்ள துளை வழியாகக் காற்றழுத்தத்தில் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி நிரப்பினார்கள். களிமண் முடிந்து ஈரமான சரளை வந்த இடங்களில் சுரங்கத்தை அடைத்து உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றித் தண்ணீரைத் தள்ளி நிறுத்திவிட்டு வேலை செய்தார்கள்.

முதல் கரண்ட் ரயில் எந்த லைன்?

சிட்டி அண்ட் சவுத் லண்டன் ரயில்வே. சிட்டியில் கிங் வில்லியம் தெருவிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஸ்டாக்வெல் வரை சுமார் 5 கி.மீ., 6 நிலையங்கள். 1890 டிசம்பர் 18 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். உலகிலேயே மின்சாரத்தில் ஓடிய முதல் ஆழக் குழாய் ரயில் இது. இன்றைய நார்தர்ன் லைனின் ஒரு பகுதி.

கம்பிவடம் கட்டி இழுக்கும் ரயிலாகத் திட்டமிட்டு, வேலை பாதி நடந்த பிறகே மின்சாரத்துக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தின் விலை பிறகு தெரிந்தது. கிங் வில்லியம் தெரு நிலையத்துக்கு ஏறும் பாதை கம்பிவடத்துக்குச் சரியாக இருக்கலாம், சிறிய மின்சார இன்ஜினுக்கு அந்த ஏற்றமும் வளைவும் பெரும்பாடு. பத்தே ஆண்டில், 1900-இல், அந்த நிலையத்தை மூடி வேறு வழியாகப் பாதையைத் திருப்பினார்கள். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று பெட்டிகளுக்குச் சன்னலை ஒரு கீற்றாக மட்டும் வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஒரு ஆள் நின்று நிலையத்தின் பெயரைக் கூவினார்.

நாலாவது தண்டவாளம் எதுக்கு? நடுவுல இருக்கறதைத் தொட்டாலும் ஷாக் அடிக்குமா?

கட்டாயம் அடிக்கும். ஓரத் தண்டவாளத்தில் +420 வோல்ட், நடுவில் இருப்பதில் −210 வோல்ட், இரண்டுக்கும் இடையே 630 வோல்ட். இதுதான் நெடுங்காலக் கணக்கு. சில பகுதிகளில் மொத்தத்தை 750 வோல்ட்டாக உயர்த்தியிருக்கிறார்கள். எந்தத் தண்டவாளத்தையும் பாதுகாப்பானதாக நினைக்கக் கூடாது. போன், சாவி, பை எது கீழே விழுந்தாலும் ஊழியரிடம் சொல்லுங்கள், இறங்க வேண்டாம்.

மூன்று தண்டவாள முறையில் (சக்கரம் ஓட இரண்டு, மின்சாரம் தர ஒன்று) மின்சாரம் திரும்பிப் போவது சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாக. குழாயின் சுவரே வார்ப்பிரும்பு என்பதால் அந்த மின்சாரம் சுவருக்கும், பக்கத்தில் போகும் தண்ணீர், எரிவாயுக் குழாய்களுக்கும் கசியும். கசிந்து வெளியேறும் இடத்தில் இரும்பை அரித்துவிடும். திரும்பும் மின்சாரத்துக்கென்று பீங்கான் காப்பான்மேல் தனியாக ஒரு தண்டவாளம் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ரிச்மண்ட், விம்பிள்டன் போகும் டிஸ்ட்ரிக்ட் கிளைகளில் சாதாரண ரயில்களும் அதே பாதையில் ஓடும் இடங்கள் உண்டு. அங்கே நடுத் தண்டவாளத்தை ஓடும் தண்டவாளத்தோடு இணைத்துவிடுகிறார்கள்.

ஒரே ஊர்ல இத்தனை லைன், ஒண்ணுக்கொண்ணு மாற இவ்ளோ நடக்கணும். யோசிச்சுக் கட்டலையா?

ஒவ்வொரு பாதையையும் ஒரு தனிக் கம்பெனி கட்டியது. எதிரி கம்பெனிக்கு ஆள் மாறிப் போக வசதி செய்துதர யாருக்கும் விருப்பமில்லை. மெட்ரோபாலிட்டனும் டிஸ்ட்ரிக்டும் சண்டை போட்டுக்கொண்டே வட்டப் பாதையை முடிக்க 1884 ஆகிவிட்டது. 1900-இல் சென்ட்ரல் லண்டன் ரயில்வே ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷிலிருந்து பேங்க் வரை திறந்து, எங்கே போனாலும் 2 பென்னி என்று வசூலித்துக் கூட்டத்தை அள்ளியது.

பிறகு சிகாகோவிலிருந்து சார்லஸ் டைசன் யர்க்ஸ் என்ற முதலீட்டாளர் வந்தார். டிஸ்ட்ரிக்டைக் கையில் எடுத்து, செல்சியில் லாட்ஸ் ரோடு மின்நிலையம் கட்டி, மூன்று குழாய்களுக்குப் பணம் திரட்டினார். பேக்கர்லூ 1906 மார்ச், பிக்காடில்லி 1906 டிசம்பர், ஹாம்ஸ்டெட் பாதை 1907 ஜூன். இவற்றில் ஒன்றுகூட ஓடுவதைப் பார்க்காமல் 1905 டிசம்பரில் அவர் இறந்துபோனார். கடன் தீரவில்லை, எதிர்பார்த்த கூட்டமும் வரவில்லை. கடைசியில் 1933 ஜூலை 1 அன்று எல்லாக் குழாய், பேருந்து, டிராம் கம்பெனிகளும் லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியம் என்ற ஒரே பொது அமைப்பின் கீழ் வந்தன. நீங்கள் நடக்கும் நீண்ட இணைப்புச் சந்துகள் தனித்தனிக் கம்பெனிகளின் நிலையங்களைப் பின்னால் தைத்த தையல்.

பேங்க் ஸ்டேஷன்ல பிளாட்பாரம் ஏன் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு? அந்த இடைவெளியைச் சரிபண்ண மாட்டாங்களா?

அன்றைய கம்பெனிகள் பொதுத் தெருவுக்கு அடியிலேயே போகப் பார்த்தன. தனியார் கட்டடத்துக்கு அடியில் போனால் உரிமையாளருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும். பழைய சிட்டித் தெருக்கள் வளைந்தவை, ஆகவே குழாயும் வளைந்தது. தெரு குறுகலாக இருந்தால் இரண்டு குழாயும் அருகருகே அடங்காது. அதனால்தான் சென்ட்ரல் லைனின் செயின்ட் பால்ஸ், சான்சரி லேன் நிலையங்களில் ஒரு நடைமேடைக்கு மேல் இன்னொன்று இருக்கிறது.

நேரான பெட்டி வளைந்த மேடையில் நின்றால் ஏதாவது ஒரு கதவருகே இடைவெளி விழுந்தே தீரும். சுரங்கத்தையே மாற்றினால்தான் போகும். 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்ற பதிவுக் குரல் 1960-களின் கடைசியில் அதற்காகவே வந்தது. எம்பாங்க்மென்ட் நிலையத்தில் நார்தர்ன் லைனின் வடக்கு நோக்கிய மேடையில் மட்டும் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் பழைய குரல் ஒலிக்கிறது. அதை எடுத்துவிட்ட பிறகு, கணவரின் குரலைக் கேட்கவே அங்கே வந்துகொண்டிருந்த அவருடைய மனைவி கேட்டுக்கொண்டதால் 2013-இல் திரும்பச் சேர்த்தார்கள்.

ரத்தச் சிவப்புல ஒரே மாதிரி ஸ்டேஷன் நிறைய இருக்கே, யார் கட்டினது?

யர்க்ஸின் மூன்று பாதைகளுக்காக லெஸ்லி கிரீன் வரைந்தவை. எஃகுச் சட்டம், மேலே பளபளக்கும் சிவப்புச் சுடுமண் ஓடு, தட்டையான கூரை. கூரைக்கு மேல் பிறகு அலுவலகம் கட்டி வாடகைக்கு விடலாம் என்பதால் தட்டை. கீழே நடைமேடைகளில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓட்டின் நிறமும் கோலமும் வேறு. இத்தனையையும் சில ஆண்டுகளில் முடித்துவிட்டு 1908-இல், 33 வயதில் இறந்தார்.

மேப்ல பக்கத்துல தெரியுற ஸ்டேஷன் நிஜத்துல தூரமா இருக்கு. மேப் தப்பா?

தப்பில்லை, அது தூரம் காட்டும் வரைபடமே இல்லை. மின்சுற்று வரைந்து பழகிய ஹேரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் இதைப் போட்டார். நிலத்துக்கு அடியில் போகிறவருக்கு எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாறுவது என்பதுதான் தேவை என்று நினைத்து, கோடுகளைக் கிடையாக, செங்குத்தாக, 45 பாகைச் சாய்வாக மட்டும் வைத்தார். தரைக்கு மேல் உள்ளதில் தேம்ஸ் ஆறு மட்டுமே மிஞ்சியது. முதலில் நிராகரித்தார்கள். 1933 ஜனவரியில் அச்சிட்டு வெளியிட்டதும் மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

நெருக்கமான மையப் பகுதியை இந்த வரைபடம் விரித்துக் காட்டுகிறது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவன்ட் கார்டனுக்குத் தண்டவாள வழியில் சுமார் 260 மீட்டர்தான். கோவன்ட் கார்டனில் லிஃப்டுக்கு நிற்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். படியில் ஏறலாம் என்றால் 193 படி. பேஸ்வாட்டரும் குவீன்ஸ்வேயும் வரைபடத்தில் வெவ்வேறு லைன், தெருவில் சில நிமிட நடை.

ஆத்துக்குத் தெற்கே டியூப் ஏன் இவ்ளோ கம்மி?

இரண்டு காரணங்கள். மண் ஒன்று: தெற்கில் பல இடங்களில் களிமண் ஆழத்தில் கிடக்கிறது, மேலே தண்ணீர் ஊறும் மணலும் சரளையும். அன்றைய கருவிகளுக்கு அது ஆபத்தான மண். இதைவிடப் பெரிய காரணம், தெற்கில் தரைமேல் ரயில் கம்பெனிகள் முன்பே வலைபோல் பரவியிருந்தன. அவற்றை இணைத்து உருவான சதர்ன் ரயில்வே 1920-களில் புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கியது. தன் பிரதேசத்துக்குள் டியூப் வருவதை அது விரும்பவில்லை.

நம்மவர்களுக்குப் பழக்கமான டூட்டிங் பிராட்வே, காலியர்ஸ் வுட் எல்லாம் 1926-இல் மார்டன் வரை போட்ட நீட்சியில் வந்தவை. அதைத் தாண்டி சட்டன் போக அனுமதி கிடைக்காமல் மார்டனோடு நிறுத்தினார்கள். அங்கிருந்து பேங்க் வழியாக ஈஸ்ட் ஃபின்ச்லி வரை ஒரே தொடர்ச்சியாக 27.8 கி.மீ. சுரங்கம்.

ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் 1858-ல திறந்ததுன்னு இருக்கு. 1863-ல தானே முதல் ரயில்னு சொன்னீங்க?

இரண்டும் சரி. ஈஸ்ட் ஹாம் வழியாக 1858-இல் போனது லண்டன்-டில்பரி-சவுத்எண்ட் என்ற தரைமேல் ரயில். 1902-இல் வைட்சேப்பலுக்கும் போ (Bow) பகுதிக்கும் இடையே ஒரு சுரங்கம் போட்டு டிஸ்ட்ரிக்ட் லைனை அந்தப் பழைய பாதையோடு இணைத்தார்கள். லண்டன் சுரங்க ரயிலில் பாதிக்கும் மேல் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. அதில் நிறைய இப்படி விழுங்கிய பழைய பாதைகள்.

யுத்தத்துல சனங்க சுரங்கத்துல போய்ப் படுத்தாங்களாமே, பத்திரமா இருந்தாங்களா?

1940 செப்டம்பரில் குண்டுவீச்சு தொடங்கியபோது அரசு நிலையங்களைப் புகலிடமாக்க மறுத்தது. மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கி, திரும்ப ஏறவில்லை. அரசு இறங்கிவந்தது. அந்த மாதக் கடைசியில் ஒரே இரவில் 1,77,000 பேர் கீழே தூங்கினார்கள். பிறகு அடுக்குக் கட்டில், கழிப்பறை, இட அனுமதிச் சீட்டு, தேநீர் எல்லாம் வந்தன. ஆற்றுக்கு அடியில் குண்டு விழுந்தால் வெள்ளம் பரவாமல் தடுக்க இரும்பு மதகுகள் வைத்தார்கள். திறக்காமல் இருந்த சென்ட்ரல் லைன் கிழக்குக் குழாய்களில் பிளெஸ்ஸி நிறுவனம் விமான உதிரிப்பாகம் செய்தது.

முழுப் பாதுகாப்பு இல்லை. 1940 அக்டோபரில் பாலம் (Balham) என்ற நிலையத்தின் மேல் தெருவில் குண்டு விழுந்து, உடைந்த குழாய்களின் தண்ணீரும் மண்ணும் உள்ளே இறங்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேங்க் நிலையத்தில் 1941 ஜனவரியில் 50-க்கும் மேல். எல்லாவற்றிலும் கொடியது பெத்னல் கிரீன், 1943 மார்ச் 3. அன்று அங்கே குண்டே விழவில்லை. ஈரமான, கைப்பிடி இல்லாத, ஒற்றை மங்கல் விளக்கு எரிந்த படிக்கட்டில் ஒருவர் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே மேலே விழுந்து 173 பேர் மூச்சு முட்டி இறந்தார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள். படிக்கட்டின் நடுவில் கைப்பிடி வைக்க வேண்டும் என்ற பாடம் அத்தனை உயிருக்குப் பிறகு வந்தது.

கிங்ஸ் கிராஸ் தீ விபத்து ஒரு தீக்குச்சியாலயா? நம்பவே முடியலை.

விசாரணையின் முடிவு அதுதான். 1987 நவம்பர் 18 மாலை, பிக்காடில்லி லைனிலிருந்து ஏறும் மர எஸ்கலேட்டரின் படிக்கும் பக்கப் பலகைக்கும் இடையே எரியும் தீக்குச்சி விழுந்தது. அடியில் பல்லாண்டாகச் சேர்ந்த கிரீஸ், தூசி, முடி, காகிதம். சிறிய நெருப்பாகத்தான் தெரிந்தது. சுமார் கால் மணி நேரத்தில் டிக்கெட் கூடமே பற்றியது. 31 பேர் இறந்தார்கள்.

அப்படிப் பாய்ந்ததன் காரணம் அதற்குமுன் யாருக்கும் சரியாகத் தெரியாது. சுமார் 30 பாகைச் சாய்வான, இரு பக்கமும் பலகை அடைத்த பள்ளத்தில் நெருப்பு நிமிர்ந்து எரியாமல் தரையோடு படுத்து மேல்நோக்கி ஓடுகிறது. மேலே உள்ள மரத்தை முன்கூட்டியே சூடாக்கி, ஒரே வீச்சில் பற்றவைக்கிறது. கணினியில் செய்த மாதிரிக் கணக்கு இதைக் காட்டியபோது சந்தேகப்பட்டார்கள். அளவு குறைத்துச் செய்த எஸ்கலேட்டரை எரித்துப் பார்த்ததும் அது உறுதியானது. ரயிலில் 1984-இலும் சுரங்க நிலையங்களில் 1985-இலும் புகைபிடிக்கத் தடை இருந்தும், வெளியேறும்போதே பற்றவைக்கும் பழக்கம் போகவில்லை. அதன் பிறகு மர எஸ்கலேட்டர்களை அகற்றினார்கள். கிரீன்ஃபோர்டில் இருந்த கடைசி ஒன்று 2014-இல் நின்றது.

2020-கள்லயும் ஏசி இல்லாம ஏன் வேகவைக்கிறாங்க?

ஆழமில்லாப் பாதைகளில் 2010 முதல் வந்த ரயில்களில் ஏசி உண்டு. வெயில் நாளில் வழி இருந்தால் மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள் பக்கம் போங்கள். குழாய்களில் சிக்கல் மேலே சொன்ன விட்டம்தான்: கருவி வைக்க இடமில்லை, வைத்தாலும் பெட்டியிலிருந்து இழுத்த சூட்டைக் குழாய்க்குள்ளேயே கொட்ட வேண்டும்.

சூட்டின் பெரும்பங்கு பிரேக் போடுவதால் வருகிறது. தொடக்கத்தில் களிமண் 14 பாகை அளவில் இருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டது. கோடையில் குளிர்ச்சியான இடம் என்று விளம்பரம் செய்த காலமும் உண்டு. நூறு ஆண்டு உறிஞ்சிய பிறகு மண்ணே 20 பாகையைத் தாண்டிவிட்டது. இப்போது பிரேக்கின் ஆற்றலை மின்சாரமாக்கித் திருப்பி அனுப்புவது, பெரிய மின்விசிறி, நிலத்தடி நீரால் குளிர்விப்பது எனப் பல வழிகளில் குறைக்கிறார்கள். பிக்காடில்லிக்காக சீமென்ஸ் செய்யும் ரயில்கள் எடை குறைத்து, குளிரூட்டும் கருவிக்கு இடம் பிடித்து வடிவமைத்தவை.

விக்டோரியா லைன் 1968-லேயே தானா ஓடுச்சாமே. அப்புறம் முன்னாடி உட்கார்ந்திருக்கறவர் என்ன பண்றார்?

கதவைத் திறந்து மூடி, மேடையைப் பார்த்து, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவது அவர் வேலை. தவறுதலாகக் கைபட்டு வண்டி கிளம்பக் கூடாது என்பதற்காகவே இரண்டு. அதன்பின் வேகம் எடுப்பதும் நிற்பதும் தானாக நடக்கும். 1968-இல் இதற்குத் தண்டவாளம் வழியாக வரும் குறியீட்டு மின்சைகையை வண்டி படித்தது. கோளாறு வந்தால் கையால் ஓட்டுவதும் பயணிகளை வெளியேற்றுவதும் அவர் பொறுப்பு.

இதே லைனில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: நிலையங்கள் மேடாகவும் இடைப்பாதை தாழ்வாகவும் இருக்கும். நிலையத்துக்குள் ஏறும்போது வேகம் தானாகக் குறையும், கிளம்பும்போது இறக்கம் தள்ளிவிடும். 1900-இல் சென்ட்ரல் லைன் போட்டவர்களே செய்த ஏற்பாடு இது.

சர்க்கிள் லைன்னு பேர், ஆனா ஹேமர்ஸ்மித்ல முடியுது. ஏமாத்துறாங்களா?

2009 டிசம்பர் வரை வட்டமாகத்தான் சுற்றியது. முடிவே இல்லாத பாதையில் ஒரு வண்டி தாமதமானால் அதைச் சரிசெய்ய நின்று மூச்சுவிடும் இடம் கிடையாது, தாமதம் சுற்றிச்சுற்றி வரும். அதனால் ஹேமர்ஸ்மித்தில் தொடங்கி, ஒரு முழுச் சுற்று வந்து எட்ஜ்வேர் ரோடில் முடியும்படி மாற்றினார்கள். முன்பு நேராகப் போன சில பயணங்களுக்கு இப்போது எட்ஜ்வேர் ரோடில் மாற வேண்டும்.

எலிசபெத் லைனும் டியூப்தானா?

நிர்வாகக் கணக்கில் அது தனி. 2022 மே 24 அன்று திறந்தது. சுரங்க விட்டம் 6.2 மீட்டர், தலைக்கு மேல் கம்பியில் 25,000 வோல்ட், 200 மீட்டர் நீள ரயில், ஏசி. கிரேட்ஹெட் காலத்துக் குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் நார்தர்ன் லைனிலிருந்து இதற்கு மாறிப் பாருங்கள்.

பழைய அடையாளங்களை ஒரே நாள்ல பார்க்கணும். எங்கெல்லாம் போகலாம்?

பேக்கர் ஸ்ட்ரீட் 5, 6-ஆம் நடைமேடைகளில் தொடங்குங்கள். 1863-இன் செங்கல் வளைவும், பகல் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட சாய்வான குழிகளும் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து சர்க்கிள் லைனில் ஏறி, எட்ஜ்வேர் ரோடில் மாறி, பேஸ்வாட்டரில் இறங்கி லெய்ன்ஸ்டர் கார்டன்ஸ் முகப்புக்கு நடங்கள். போர்செஸ்டர் டெரஸ் பக்கம் சுற்றிப் பின்னால் போனால் மதிலுக்கு அந்தப்புறம் தண்டவாளம். மதியம் கோவன்ட் கார்டனில் அருங்காட்சியகம். மாலையில் ரோதர்ஹித் போய் ப்ரூனெல் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, அங்கிருந்து வாப்பிங்குக்கு ரயில் ஏறினால் ப்ரூனெலின் சுரங்கத்துக்குள்ளேயே ஆற்றைக் கடக்கலாம். வாப்பிங் நடைமேடையின் முனையில் நின்று பார்த்தால் குதிரை லாடம் போன்ற அந்த இரட்டை வாயில் தெரியும். 1994-இல் லிஃப்ட் மாற்றும் செலவுக்குக் கட்டாது என்று மூடிய ஆல்டுவிச் போன்ற நிலையங்களுக்குள் போக வேண்டுமானால் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நடத்தும் சுற்றுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிறையப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.